வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் சோளத்துக்கும் கணக்கு வையுங்கள்

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பயிர் ரகங்களை உருவாக்கும் விஞ்ஞானிகளுக்கும், விதைக்குச் சான்று தரும் அதிகாரிகளுக்கும், காங்கயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதும் திறந்த மடல்.

அய்யா, அம்மா, வணக்கம்.

விதைச்சோள வயலை ஆய்வு செய்ய வரும்போது நீங்கள் பின்பற்றும் விதைச்சான்றுத் தரங்களில் ஒரு வரி இருக்கிறது. சோளத்துக்குச் சொந்தக்காரக் களையான ஜான்சன் புல் நிற்கும் இடத்திலிருந்து அந்த வயல் 400 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு நெல் ரகங்களுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளி போதும் என்கிற அதே விதிகள், இந்த ஒரு புல்லுக்கு 400 மீட்டர் கேட்கின்றன. காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தப் புல்லின் மகரந்தம் காற்றில் வந்து சோளக் கருதில் விழுந்தால் விதையின் தூய்மை போய்விடும்.

நல்ல விதிதான். ஆனால் காற்று இரண்டு பக்கமும் வீசுகிறது. சோளத்தின் மகரந்தம் அந்தப் புல்லின் மேல் விழுந்தால் என்ன நடக்கும்? அந்தப் புல் அதிலிருந்து எதை வாங்கிக்கொள்ளும்? அடுத்த தலைமுறையில் அது எப்படி மாறும்? இதைப் பற்றி எந்த விதியும் பேசவில்லை. வேலிக்கு உள்ளே நிற்கும் சோளத்தைக் காப்பதற்கு விதி இருக்கிறது, வேலிக்கு வெளியே நிற்பது வலுவடைவதைக் கவனிக்க ஆள் இல்லை. அந்தக் கவனிப்பைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்துகிறவன். காலையிலும் மாலையிலும் பண்ணையம் பார்க்கிறவன். வகுப்பில் மரபியல் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், அதே பாடம் வாய்க்கால் மேட்டில் ஆளுயரத்துக்கு நிற்கிறது.

எங்கள் பக்கத்து நிலவரம் உங்களுக்குப் புதிதல்ல. சோளச்சோறு சாப்பிட்ட காலம் போய்விட்டது. இன்று சோளம் விதைப்பது மாட்டுக்குப் போடும் தட்டுக்காகத்தான். ஐப்பசி மழைக்கு மானாவாரிக் காட்டில் நெருக்கமாக விதைத்து, அறுத்து, காயவைத்துப் போர் போட்டுவிட்டால் கோடை முழுக்கக் கட்டுத்தரைக்கு அதுதான் மேவு. கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து தரையோடு தரையாகப் போன பிறகு, காங்கயம் மாட்டைக் காப்பாற்றுவது இந்தத் தட்டுப் போர்தான். கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் உள்ளவர்கள் கோ எப்.எஸ். 29 என்ற தீவனச் சோளம் போட்டிருப்பார்கள். ஒரு தடவை விதைத்தால் திரும்பத் திரும்ப அறுக்கலாம். 2001-ல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அந்த ரகம் எத்தனையோ பால்மாட்டுக் குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

அந்த ரகத்தின் பிறப்பை மட்டும் ஒரு தடவை நினைவுபடுத்துகிறேன். நம் சோளத்தையும் சூடான் புல்லையும் கலந்து எடுத்தது அது. சூடான் புல் சோளத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் 20 குரோமோசோம்தான். அதனால் கலந்து வந்த பிள்ளையும் குறையில்லாமல் பூக்கும், மகரந்தம் கொட்டும், விதை வைக்கும். தூர் நிறையக் கட்டும், கருது புல்லைப்போல விரியும். இப்படி அதிகத் தூர் கட்டி, புல் மாதிரி கருது விடும் தீவனச் சோளத்திலிருந்தும் விதைச்சோள வயல் 400 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று உங்கள் தரங்களே சொல்கின்றன. ஜான்சன் புல்லுக்கு என்ன தூரமோ அதே தூரம். பயிருக்கும் களைக்கும் நடுவில் தீவனச் சோளம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது விதியை எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இனி அந்த ஜான்சன் புல். எங்கள் ஊரில் காட்டுச்சோளம் என்கிறார்கள். கிணற்று வாய்க்கால் மேடு, இட்டேரி ஓரம், ரோட்டுப் பள்ளம் என்று எங்கே கொஞ்சம் ஈரம் தங்குகிறதோ அங்கே நிற்கும். முழங்கால் உயரம் வரை சோளத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். இலையின் நடுவில் தடித்த வெள்ளை நரம்பு, அதே பச்சை, அதே வளைவு. களைவெட்ட வரும் அக்காமார்கள் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க, இது வெதச்சதுங்களா, தானா மொளச்சதுங்களா?” என்று கேட்டு நிற்பார்கள். கருது வந்த பிறகு தெரிந்துவிடும். சோளக்கருது கட்டாக இருக்கும், இது விரிந்து ஊதா நிறத்தில் ஆடும். விரலால் லேசாகத் தட்டினால் போதும், மணி உதிர்ந்து மண்ணில் விழுந்துவிடும்.

கடப்பாரை போட்டுத் தோண்டிப் பாருங்கள். விரல் தடிமனில் வெள்ளையும் ஊதாவும் கலந்த தண்டு மண்ணுக்குள் படுக்கையாக ஓடும். கணுவுக்குக் கணு செதில் மூடிய மொட்டு. ஒரு சாண் துண்டிலேயே பல கணுக்கள் இருக்கும், ஒவ்வொன்றும் தனிச்செடியாக வரக்கூடியது. மாட்டு ஏர் ஓடிய காலத்தில் இது இருந்த இடத்தில் இருந்தது. இன்றைக்கு ரொட்டவேட்டர் வந்து, மேட்டோரத்தில் கிடந்த ஒரு தூரைத் துண்டுதுண்டாக நறுக்கி வயல் நெடுகப் பரப்பிவிடுகிறது. மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அட்ரசின் இதை அடக்குவதில்லை. சோளத்தைக் கொல்லாத மருந்து அதன் சொந்தக்காரனையும் பெரும்பாலும் கொல்லாது.

இந்தப் புல் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு உறக்கம் கெடுக்கும் கதை. ஆப்பிரிக்காவில் பயிரான சோளத்தின் இனமும், தென்கிழக்கு ஆசியப் பக்கம் ஓடைக்கரைகளில் வளரும் சொர்கம் புரோபிங்குவம் என்ற காட்டுப் புல்லும் எப்போதோ ஓரிடத்தில் கலந்திருக்கின்றன. இரண்டுக்கும் 20 குரோமோசோம். கலந்து வந்ததில் இரண்டு பக்கத்துக் குரோமோசோம்களும் முழுதாகச் சேர்ந்து 40 ஆகிவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்த கலப்பு அல்ல இது. மத்தியதரைக்கடல் ஓரத்திலிருந்து இந்தியா வரை பரவியிருந்த இந்தப் புல்லை, நல்ல தீவனம் என்று சொல்லி 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அலபாமாவில் வில்லியம் ஜான்சன் என்ற பண்ணைக்காரர் 1840 வாக்கில் தன் நிலத்தில் விதைத்தார். அவர் பெயரே புல்லுக்கு நின்றுவிட்டது. இன்று ஆறு கண்டங்களில் இருக்கிறது. உலகத்தின் மிக மோசமான களைகளின் பட்டியல் எதை எடுத்தாலும் அதில் இருக்கும்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பேட்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் 2020-ல் இந்தப் புல்லின் மரபணுத் தொகுதியைப் பிரித்துப் பார்த்து எழுதிய கட்டுரையை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அதில் மூன்று செய்திகள் என்னை உலுக்கிவிட்டன.

இரண்டு பெற்றோரிடமிருந்தும் பாதிப்பாதி என்று தொடங்கிய இந்தப் புல்லில், இன்று சோளப் பக்கத்து மரபணு வடிவங்கள்தான் அதிகம். அதாவது காட்டுப் பக்கம் குறைந்து பயிர்ப் பக்கம் கூடியிருக்கிறது.

அப்புறம் அந்த மண்ணுக்கடித் தண்டு, ஊரில் கிழங்கு என்கிறோமே அது. மட்டநிலத் தண்டு என்று பாடப்புத்தகத்தில் சொல்கிறோமே, அது சோளத்துக்குக் கிடையாது, காட்டுப் பெற்றோருக்கு மட்டும்தான் உண்டு. அப்படியானால் பிள்ளைக்கு அந்தப் பெற்றோர் அளவுக்கோ அதைவிடக் குறைவாகவோதானே இருக்க வேண்டும்? அப்படி இல்லை. ஜான்சன் புல்லின் மட்டநிலத் தண்டு புரோபிங்குவத்தினுடையதைவிட விரிவானது. அந்தத் தண்டில் வேலை செய்யும் மரபணு வடிவங்களில் நிறைய, தண்டே இல்லாத சோளத்திடமிருந்து வந்தவை! கிழங்கு விடாத பயிரின் மரபணு, கிழங்கு விடும் களைக்குள் போய்க் கிழங்கைப் பெருக்கியிருக்கிறது. பயிரிடம் ஒரு குணம் வெளியே தெரியவில்லை என்பதற்காக அந்தக் குணத்துக்குப் பயிர் உதவாது என்று நினைத்துவிட முடியாது. இதை நான் மாணவர்களுக்கு இப்போது தனியாக நடத்துகிறேன்.

மூன்றாவது, எங்களுக்கு மிகவும் சம்பந்தப்பட்டது. புல் உருவான பிறகும் கலப்பு நிற்கவில்லை. சாகுபடிச் சோளத்திலிருந்து மரபணுக்கள் திரும்பவும் உள்ளே போயிருக்கின்றன. எந்த இடங்களில் என்றால், மட்டநிலத் தண்டின் வளர்ச்சி, விதையின் பருமன், லூட்டின் அளவு ஆகியவற்றைத் தீர்மானிக்கும் இடங்களுக்கு அருகில். இந்த ஊடுருவல் அதன் பரவலுக்கு உதவியிருக்கலாம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. லூட்டின் கடும் வெயிலில் இலையைக் காக்கும் நிறமி. வறட்சியில் இலைத்துளைகளை மூடச் சொல்லும் அப்சிசிக் அமிலத்துக்கு அது முன்பொருளும்கூட. வெயிலும் வறட்சியும் எங்கள் ஊரில் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மட்டநிலத் தண்டு இருப்பதால் குளிர்நாட்டில் உறைபனியையும், நம் மாதிரி நாட்டில் கோடையையும் மண்ணுக்கடியில் கிடந்து கடத்திவிடும்.

பெற்றோர் இனங்களோடு ஒப்பிட்டால் 5,957 மரபணுக்களில் இந்தப் புல் பெரிய மாற்றங்களைச் சுமக்கிறது என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. சோளத்தின் மரபுவழியில் சுமார் 9.6 கோடி ஆண்டுகளில் இப்படிக் குரோமோசோம் இரட்டித்து நிலைத்து நின்ற முதல் இனம் இதுதானாம். அப்படிப்பட்ட ஒன்று நம் வாய்க்கால் மேட்டில் நிற்கிறது. அதன் பக்கத்தில் நாம் வருடாவருடம் புதுப்புது ரகத்தின் மகரந்தத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

“சோளத்துக்கு 20, புல்லுக்கு 40, கலந்தால் மலடுதானே” என்று ஒரு பதில் வரும். வகுப்பிலும் பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள். கணக்குப்படி சரி. சோள மகரந்தத்தில் 10, புல்லின் சூல்முட்டையில் 20, சேர்ந்தால் 30. அது பெரும்பாலும் விதை வைக்காது. ஆனால் மட்டநிலத் தண்டு உள்ள செடிக்கு மலடு ஒரு தண்டனையே இல்லை, விதை வைக்காவிட்டாலும் கிழங்கில் பெருகும். அதோடு, சில சமயம் சோளத்தின் மகரந்தம் உருவாகும்போது குரோமோசோம் பாதியாகக் குறையாமல் முழு 20-ம் அப்படியே போய்விடும். 20-ம் 20-ம் சேர்ந்தால் 40. அந்தச் செடி நன்றாக விதை வைக்கும், பக்கத்துப் புல்லோடு மறுபடி கலக்கும். சோளத்தின் மரபணு புல்லுக்குள் குடியேறுவது இந்தச் சின்னச் சந்து வழியாகத்தான். கலிபோர்னியாவில் அரியோலா, எல்ஸ்ட்ராண்ட் இருவரும் செய்து 1996-ல் வெளியிட்ட சோதனையில், சோள வயலிலிருந்து 100 மீட்டர் தூரத்தில் நின்ற ஜான்சன் புல்லிலும் கலப்பு விதை கிடைத்தது. அந்தக் கலப்புச் செடிகள் களையைவிட நோஞ்சானாக இல்லை என்று அடுத்த வருடமே காட்டினார்கள். எங்கள் ஊரில் சோளக்காட்டுக்கும் வாய்க்கால் மேட்டுக்கும் 100 மீட்டர் எங்கே இருக்கிறது? ஒரு பொழி, அதாவது வரப்புதான் நடுவில்.

விடியற்காலையில் பூக்கும் சோளக்காட்டுக்குள் நடந்தால் சட்டையெல்லாம் மஞ்சள் தூள். சோளப்பூ நள்ளிரவுக்கு மேல் மலரத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் மகரந்தத்தைக் கொட்டிவிடும். அதே நேரத்தில் மேட்டில் காட்டுச்சோளமும் பூத்து நிற்கிறது. கருதுக்கு வெளியே இறகு மாதிரி சூல்முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் அதன்மேல் மஞ்சள் துகள்கள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். எது சொந்தத் துகள், எது சோளத்திலிருந்து வந்தது என்று லென்சில் தெரியாது. அதைச் சொல்லும் ஆய்வகம் உங்களிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை.

மணி உதிர்வதையும் சொல்லவேண்டும். சோளம் பயிரானதற்கு முக்கியக் காரணம், மணியை உதிர்க்கும் மரபணு அதில் செயலிழந்து போனது. 2012-ல் வந்த ஒரு ஆய்வு இந்த எஸ்.எச்.1 மரபணு சோளத்தில் மூன்று வெவ்வேறு வழிகளில் பழுதாகியிருப்பதைக் காட்டியது. பழுதான மரபணு ஒடுங்கு பண்பு, பழுதில்லாத மரபணு ஒன்று கூட வந்தாலே அது அடங்கிவிடும். காட்டு வடிவத்தோடு ஒரே ஒரு தடவை கலந்தாலும், அந்த முதல் தலைமுறையே மணியை உதிர்க்கும். நம் முன்னோர் ஆயிரக்கணக்கான வருடம் கருது கருதாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த குணம் ஒரே தலைமுறையில் போய்விடுகிறது. ஆனால் பயிரின் மற்ற நல்ல குணங்கள், வேகமாக முளைப்பது, பெரிய விதை, வறட்சி தாங்குவது எல்லாம் கூடவே இருக்கும். களைக்கு இதைவிட என்ன வேண்டும்?

கலப்பினம் என்றாலே விஷம் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் வரிசையில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். பயிரையும் காட்டுச் செடியையும் கலக்கும் வித்தையில் உலகத்துக்கே வழிகாட்டிய ஊர் கோயம்புத்தூர். 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் சாகுபடிக் கரும்போடு, கோவைப் பக்கத்திலேயே தானாக வளர்ந்த பேய்க்கரும்பைக் கலந்தார்கள். அதிலிருந்து 1918-ல் வெளிவந்த கோ 205 வட இந்தியக் கரும்புச் சாகுபடியையே மாற்றியது. அதே நிலையத்தில் ஜானகி அம்மாள் கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தார். காட்டுச் செடியின் முரட்டுத்தனத்தைப் பயிருக்குக் கொண்டுவர முடியும் என்று இந்த ஊர்தான் நிரூபித்தது. அந்தப் பாதையில் எதிர்த்திசையிலும் சரக்கு போகும் என்பதை இந்த ஊர் மறக்கக்கூடாது. நாம் நல்லதுக்குப் பயன்படுத்திய அதே பேய்க்கரும்பு, பனாமாவில் கால்வாய்ப் பகுதியை மூடிப் படர்ந்து, காடு மறுபடி வளரவிடாமல் செய்துகொண்டிருக்கிறது.

உங்கள் கையிலேயே நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. 2008-ல் வந்த கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28. ஒட்டுப்புல்லுக்கு 21. ஒற்றைப்படையாக மூன்று தொகுதி இருப்பதால் விதை பிடிக்காது, கரணை நட்டால்தான் வரும். எங்கள் தோட்டங்களில் எத்தனை வருடமாக நிற்கிறது, பொழி தாண்டி ஒரு செடி தானாக முளைத்துப் போனதை நான் பார்த்ததில்லை. மாட்டுக்கும் நிறைவு, பக்கத்துக் காட்டுக்காரருக்கும் தொந்தரவு இல்லை. தீவனப் பயிருக்கு விதை எதற்கு? தட்டுதானே வேண்டும்? தீவனச் சோளத்திலும் மலட்டு வழியை ஏன் முன்னிலைப்படுத்தக் கூடாது என்பது என் கேள்வி. விதைக்கிற பயிருக்கும் கரணை நடுகிற பயிருக்கும் செலவில் வித்தியாசம் இருக்கிறது, மானாவாரிக் காட்டில் கரணை ஊன்ற முடியாது, இதெல்லாம் எனக்கும் தெரியும். கிணற்றுப் பாசனத்திலாவது முடியும் அல்லவா?

வெளிநாட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் பல்லடம், உடுமலை, பொங்கலூர் எல்லாம் இன்று மக்காச்சோள ஊர்கள். மக்காச்சோளத்தின் காட்டு மூதாதை தியோசின்ட். மெக்சிகோச் செடி. பகல் குறுகினால்தான் பூக்கும். ஐரோப்பாவின் நீண்ட கோடைப் பகலில் அது விதை வைப்பதற்குள் குளிர் வந்து கொன்றுவிட வேண்டும். ஆனால் பிரான்சின் மேற்குப் பகுதியில் 1990-களிலிருந்து வயல்களுக்குள் களையாக நிற்கிறது. எப்படி என்று ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கும் பகுதியை ஐரோப்பிய மக்காச்சோளத்திடமிருந்தே அது வாங்கியிருக்கிறது. அதோடு, ஒரு களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோளத்தின் மரபணுவையும் வாங்கிக்கொண்டது. விவசாயி மருந்து அடித்தால் மக்காச்சோளமும் சாகாது, தியோசின்டும் சாகாது. ஸ்பெயினில் 2014-ல் எப்ரோ ஆற்றுப் பக்கம் இதே செடி தலைகாட்டியபோது, பாதித்த வயல்களில் மக்காச்சோளமே விதைக்கக் கூடாது என்று அரசு தடுத்தது.

அந்தக் களைக்கொல்லி தாங்கும் மக்காச்சோளம் மரபணு மாற்றப் பயிர் அல்ல. சாதாரணத் தேர்வு முறையில் எடுத்தது. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். நம் ஊரில் ஒரு ரகம் மரபணு மாற்றம் இல்லை என்றவுடன் சோதனை வேண்டாம், கேள்வி வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. மகரந்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. மரபணு எந்த வழியில் வந்திருந்தாலும் அதைச் சுமந்துகொண்டு போகும்.

நெல்லிலும் இதேதான். அமெரிக்காவின் அர்கன்சாஸ் பகுதியில் 2002 முதல் களைக்கொல்லி தாங்கும் நெல்லைப் பயிரிட்டார்கள். அதுவும் மரபணு மாற்றம் அல்ல. களைநெல்லை ஒழிக்கத்தான் கொண்டுவந்தார்கள். சில வருடங்களிலேயே களைநெல் அந்தப் பயிரோடு கலந்து அதே மருந்தைத் தாங்கத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் 2021-ல் இப்படி மருந்து தாங்கும் இரண்டு பாஸ்மதி ரகங்களை அறிமுகப்படுத்தினார்கள். பாஸ்மதி நம் பக்கத்துப் பயிர் இல்லைதான். ஆனால் அந்தக் குணத்தை வேறு நெல்லுக்கு மாற்றுவது உங்களைப் போன்றவர்களுக்கு எளிது. கீழ்பவானி, காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் ஆள் கிடைக்காமல் நேரடி விதைப்புக்கு மாறுகிறவர்கள் அப்படி ஒன்றைக் கேட்கத்தான் செய்வார்கள். நடவு வயலில் களைநெல்லைக் கண்ணால் பார்த்துப் பிடுங்கலாம், வரிசை தெரியும். நேரடி விதைப்பில் எது எது என்று தெரியாது.

விதைப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்ற முறை மழைக்குத் தீவனச்சோள விதை தட்டுப்பாடாக இருந்தது. பக்கத்து டவுனில் ஒரு கடையில் பச்சைச் சீட்டு ஒட்டிய பை கிடைத்தது. நீலச் சீட்டுச் சான்று விதை இல்லை என்றார்கள். முளைத்து வந்ததில் அங்கங்கே சில செடிகள் அளவுக்கு மீறித் தூர் கட்டின. மற்றதெல்லாம் பொதி தள்ளும் முன்னாலேயே அவை கருது விட்டு, நாங்கள் அறுப்பதற்குள் மணியைக் கொட்டிவிட்டன. இந்த முறை அதே காட்டில் நிலக்கடலை போட்டால், கடலைக்கு நடுவில் அவைதான் முதலில் எழுந்து நிற்கின்றன. கடையில் கேட்டதற்கு, “தட்டுத்தானுங்களே, மாடு திங்காதுங்களா?” என்று பதில். பச்சைச் சீட்டு விதைக்கு வயலாய்வு கிடையாது, உற்பத்தி செய்தவர் சொல்வதுதான் சாட்சி. அந்த விதை விளைந்த வயலிலிருந்து 400 மீட்டருக்குள் என்ன நின்றது என்று யார் பார்த்தார்கள்?

ஐரோப்பாவில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்குக்கு இது நடந்திருக்கிறது. விதை உற்பத்தி தெற்கே, பிரான்சிலும் இத்தாலியிலும். அங்கே பக்கத்தில் நின்ற காட்டுக் கிழங்கின் மகரந்தம் விதைப்பயிரில் விழுந்தது. காட்டுக் கிழங்கின் முதல் வருடமே பூத்துவிடும் குணம் ஓங்கு பண்பு, ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்பட்டுவிடும். அது விதைப்பைக்குள் போய், 1970-களில் வடக்கு நாடுகளின் வயலெல்லாம் களைக்கிழங்காக முளைத்தது. கலப்பு நடந்தது ஓர் ஊரில், களை வெட்டியவர்கள் வேறு ஊர்க்காரர்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். விதைச்சோள வயலைச் சுற்றி 400 மீட்டர் நடக்கும் அலுவலர் அங்கே காட்டுச்சோளத்தைப் பார்த்தால் அந்த வயலைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். போகும்போது அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு போகட்டும். கைபேசியில் இடக்குறி, ஒரு இலை, ஒரு கருது, ஒரு சாண் கிழங்கு. அது பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும். அங்கே குரோமோசோமை எண்ணிப் பார்க்கட்டும், 30 எத்தனை, 40 எத்தனை என்று தெரியட்டும். கோ எப்.எஸ். 29-க்கு உரிய மரபணு அடையாளங்கள் அந்தப் புல்லில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். முதுநிலை மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு கிடைக்காது. பல்லடம், காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரங்களில் இரண்டு பருவம் செய்தாலே ஒரு படம் கிடைத்துவிடும்.

புதுத் தீவனச் சோளம் எதை வெளியிடுவதாக இருந்தாலும், டன் கணக்கு, புரதக் கணக்கோடு ஜான்சன் புல்லோடு எவ்வளவு கலக்கிறது என்ற கணக்கையும் சேர்த்து வெளியிடுங்கள். பிரசுரத்தில் ஒரு வரி போதும். களைக்கொல்லி தாங்கும் சோளம் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. அப்படி ஒன்று இங்கே வர யாராவது விண்ணப்பித்தால், இந்தக் கள ஆய்வு முடியும் வரை அனுமதிக்கப் பரிந்துரைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஒரு களைக்கு வெயில் தாங்கும் சக்தி வந்து சேர்ந்தால்கூட மண்வெட்டி பிடித்துச் சமாளிக்கலாம். மருந்து தாங்கும் சக்தியும் வந்து சேர்ந்துவிட்டால், மானாவாரிக்காரனுக்குச் சோளமே விதைக்காமல் நிறுத்துவதைத் தவிர வழி இருக்காது.

பச்சைச் சீட்டுத் தீவன விதைக்கும் மாதிரி எடுத்து நட்டுப் பாருங்கள். ஆய்வகத்தில் முளைப்புத்திறன் மட்டும் பார்த்தால் இந்தக் கலப்பு தெரியாது, வளரவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. பாதிக்குப் பாதி பூத்த பிறகு அறுக்கச் சொல்கிறீர்கள். அதற்கு முன்னால் இளம் தட்டில் நஞ்சு இருக்கும், வாடிய குட்டைத் தட்டை மேய்ந்த மாடு மூச்சிரைத்து விழுவதை இங்கே பார்க்காதவர் இல்லை. ஆனால் அது வரை விட்டால் மகரந்தம் போய்விடுகிறது. வாய்க்கால் மேட்டை ஒட்டிய சில வரிசைகளை மட்டும் கருது வெளியே வருமுன் அறுத்து, பச்சையாகப் போடாமல் நன்றாகக் காயவைத்துப் போட்டால் இரண்டும் சமாளிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எத்தனை வரிசை, எத்தனை நாள் காய வேண்டும் என்பதைச் சோதித்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். காட்டுச்சோளம் பூக்குமுன் மேட்டை வெட்டுவதையும், கிழங்கைத் தோண்டி வெயிலில் போட்டுக் காயவிடுவதையும் நாங்கள் ஊர்ப்பேச்சாக்கிச் செய்கிறோம். ரொட்டவேட்டர் ஓட்டுகிற தம்பிகளிடம், மேட்டோரம் ஓட்டிவிட்டு அடுத்த காட்டுக்குப் போகுமுன் கத்தியில் சுற்றிய கிழங்கை எடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

விதைச்சோள வயல்களை நீங்கள் பதிவு செய்யும் ஐப்பசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டுவதற்குப் பெரிய செலவில்லை. ஆய்வுக்கு ஆள் அனுப்பினால் எங்கள் ஊர் வாய்க்கால் மேட்டிலிருந்தே தொடங்கலாம். என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் பண்ணையக் குடும்பத்துப் பிள்ளைகள், காட்டுச்சோளத்தைக் கருது வருமுன்பே அடையாளம் காட்டப் பழகியிருக்கிறார்கள். மாதிரி சேகரிக்க அவர்களை நான் கூட்டி வருகிறேன். பையும் சீட்டும் மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
காங்கயம் பக்கத்திலிருந்து,
பண்ணையம் பார்க்கும் ஒரு தாவரவியல் ஆசிரியர்